பாக்காத கம்பிக்குப் போட்ட கையெழுத்து

காலையில ஒட்டுக்கடையில பசியாறிக்கிட்டு இருந்தேன். ரொட்டி சானாய் பாதிகூட முடியல, ஹேண்ட்போன் அடிச்சுது. பேர பாத்தா 'ரசமட்டம்'. வேலாயுதத்தோட நம்பர அந்தப் பேர்லதான் போட்டு வெச்சிருக்கேன். எப்பவும் எப்படி எடுப்பேனோ அப்படியே எடுத்தேன்.

"என்னா ரசமட்டம், இன்னும் போய்ச் சேரலையா?"

அதுக்கு அவரு, "ஒங்களுக்கு நோட்டீஸ் குடுத்துட்டுத்தாண்ணே போவேன்"ம்பாரு. வருஷக்கணக்கா எங்களுக்குள்ள இதான் வணக்கம். அன்னைக்கு அந்தப் பக்கம் கேட்டது அவரு மக மாலதி கொரலு.

"பெரியப்பா... அப்பா விடிகாலையில போயிட்டாரு."

"எந்த ஆஸ்பத்திரி?"ன்னேன். வேற என்னா கேக்கறதுன்னு தெரியல. அந்தப் புள்ள அழுதுகிட்டே ஒரு சிரிப்பு சிரிச்சுச்சு. "அப்பா இருந்திருந்தா நீங்க மொதல்ல கேட்டதுக்கு சரியா பதில் சொல்லியிருப்பாருல்ல"ன்னுச்சு. ஊரெல்லாம் கேலி பண்ணித் திரிஞ்ச கெழவன், எழுபத்தெட்டு வயசுல, அந்த நாற்காலியிலதான் மொத தடவயா வெக்கப்பட்டேன். தட்ட அப்படியே தள்ளி வெச்சுட்டு எந்திரிச்சேன். கடைக்கார நானா, "என்னா மேஸ்திரி, கறி காரமா?"ன்னாரு. ஆமான்னுட்டு வந்துட்டேன்.

பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கு ஒரு சின்னப் புத்தகம் அடிக்கிறோம், நீங்கதான் எழுதணும்னு மாலதி சொல்லுச்சு. "தாயி, நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல நாலாவது வரைக்கும்தான். அதுலயும் பாதி நாளு ஆத்துல மீன் புடிச்சேன்"ன்னேன். "பேசறாப்பலயே எழுதுங்க, நான் அடிச்சுக்கறேன்"னுச்சு. அதனால, அவரத் தெரிஞ்சவங்களே, நான் ஒங்க பக்கத்து நாற்காலியில ஒக்காந்து பேசறதா நெனச்சுக்கிட்டு படிங்க. எழுத்துப் பிழை இருந்தா அது என்னோடது இல்ல, மாலதியோடது.

வேலாயுதம் எங்க மாவட்டத்து நகராண்மைக் கழகத்துல, நாங்க மஜ்லிஸ்னு சொல்லுவோம், கட்டடப் பிரிவு இன்ஸ்பெக்டரு. நான் கொத்தனாரு. லிங்கி பக்கத்து ரப்பர்த் தோட்டத்துல பொறந்து, எங்கப்பன் மாதிரி பால்மரம் வெட்டாம, செங்கல்ல கை வெச்சவன். அவரு வேல, நான் கட்டுனதுல குத்தம் கண்டுபுடிக்கறது. என் வேல, அவரு கண்ணுக்குப் படாம கட்டறது. இப்படித்தான் சிநேகிதமானோம்.

மொதல் சண்ட செண்டாயான் ஊர்ல. ஒரு வாத்தியாரு வீட்டுக்கு அடுப்படி இழுத்துக் கட்டிக்கிட்டு இருந்தேன். மோட்டார் சைக்கிள்ல வந்து எறங்குனாரு. தலையில ஹெல்மெட்டு, சட்டப் பையில ரெண்டு பேனா. வணக்கம்கூட சொல்லல, பையிலேருந்து ரசமட்டத்த எடுத்து என் செவுத்துல வெச்சாரு. கொத்தனாருக்கே ரசமட்டம் காட்டறாரேன்னு எனக்கு சுர்ருன்னுச்சு.

"குமிழி நடுவுல நிக்கலியே"ன்னாரு.

"ஒரு மயிரிழதான லா."

"மயிரிழய பாக்கத்தாண்ணே இந்த ஜாமான கண்டுபுடிச்சாங்க. இல்லாட்டி கண்ணே போதுமே."

ரெண்டு வரிச கல்ல எடுக்க வெச்சாரு. எடுக்கும்போது நான் திட்டுன திட்டு அவரு காதுல விழணும்னேதான் திட்டுனேன். அன்னையிலேருந்து அவரு பேரு ரசமட்டம். ஆபீஸ் வரைக்கும் அந்தப் பேரு போச்சு. கோவப்படுவாருன்னு பாத்தேன். ஒருநா, "நல்ல பேருதாண்ணே, எங்கப்பா வெச்ச பேரவிட பொருத்தமா இருக்கு"ன்னு சொல்லி என் வெளையாட்டையே கெடுத்துட்டாரு.

கல்யாணத்துக்கு அவரக் கூப்ட்டவங்களுக்கு இன்னொன்னு தெரியும். மண்டபத்துல நொழைஞ்சா எல்லாரும் பொண்ணு மாப்பிள்ளைய பாப்பாங்க. இவரு அண்ணாந்து கூரைய பாப்பாரு. என் மவன் கல்யாணத்துல சோறு போட்டாச்சு, எலையோட எந்திரிச்சு ரெண்டு மேச தள்ளிப் போயி ஒக்காந்தாரு. "என்னா, சாம்பாரு பிடிக்கலையா?"ன்னு கேட்டேன். "சாம்பாரு நல்லாருக்கு. மேல சுத்தற பேன்தான் ஆடுது"ன்னாரு. அந்த மேசையில அப்பறம் ஒருத்தனும் ஒக்காரல. பொண்ணு வீட்டு சனங்க என்னமோ சகுனம்னு நெனச்சுக்கிட்டாங்க.

இப்ப நம்ம தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்து கதைக்கு வரேன். கொஞ்சம் பேருக்கு பாதி தெரியும், கொஞ்சம் பேருக்கு தப்பா தெரியும். முழுசா தெரிஞ்சவன் நான்தான், ஏன்னா தப்பு பண்ணவனே நான்.

மண்டபத்த கட்டுனது நான். மேல கான்கிரீட்டு தளம். அதத் தாங்க எட்டு பீமு. சட்டம் என்னான்னா, கான்கிரீட்டு ஊத்தறதுக்கு முன்னாடி இன்ஸ்பெக்டர் வந்து உள்ள இருக்கற கம்பிய பாக்கணும். ஊத்துனப்பறம் எந்த அப்பனாலயும் பாக்க முடியாது. வேலாயுதம் அன்னைக்கு காலையில பத்து மணிக்கு வரேன்னு எழுதிக் குடுத்திருந்தாரு.

ஆனா நம்ம சனங்களப் பத்தி ஒங்களுக்குத் தெரியும். தளம் போடறதுக்கு நல்ல நேரம் குறிச்சாச்சு. ஏழரையிலேருந்து ஒம்போது. அதுக்கப்பறம் ராகு காலம். கோயில் தலைவரு கருப்பையா தேங்காயோட நிக்கறாரு, பூசாரி கற்பூரத்தோட நிக்கறாரு, கான்கிரீட்டு லோரி வந்து இஞ்சின அணைக்காம நிக்குது. "பத்து மணி வரைக்கும் அம்மன காக்க வெக்கறதா?"ன்னாரு தலைவரு. நானும், "ஊத்துங்கடா"ன்னுட்டேன்.

சரியா பத்துக்கு ரசமட்டம் வந்தாரு. தளம் பளபளன்னு ஈரமா இருக்கு. சனங்க சக்கரப் பொங்கல் சாப்டுக்கிட்டு இருக்காங்க. அவரு ஹெல்மெட்டக்கூட கழட்டல, அப்படியே நின்னாரு.

"கம்பி எங்கண்ணே?"

"உள்ள இருக்கு."

"அது எனக்குத் தெரியும். எப்படி இருக்கு?"

"பிளான்ல இருக்கறாப்பல இருக்கு. வேணும்னா அம்மன் மேல சத்தியம் பண்ணட்டா?"

தலைவரு வந்து தோள்ல கை போட்டாரு. "தம்பி, நம்ம கோயில் காரியம். நம்மாளு நீங்க. ஒடைக்கச் சொல்லிடாதீங்க"ன்னாரு. யாரோ ஒரு அம்மா அவரு கையில பொங்கல் எலைய திணிச்சுச்சு. நான் ஹேண்ட்போன்ல ரெண்டு படம் காட்டுனேன். மொத நாளு எடுத்தது, பாதி கம்பிதான் தெரியும். அவரு படத்தப் பாக்கல. என் மூஞ்சியத்தான் ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பறம் பாரத்த எடுத்து, 'பரிசோதிக்கப்பட்டது'ங்கற கட்டத்துல கையெழுத்து போட்டாரு. போட்டுட்டு பொங்கல சாப்ட்டாரு.

நான் விடுவேனா? எல்லாரு முன்னாடியும், "பாத்தீங்களா, ரசமட்டத்துக்கும் பொங்கல் குடுத்தா குமிழி நடுவுல நிக்கும்!"னேன். சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. ஆனா அன்னையிலேருந்து நம்ம கோயிலுக்கு எத்தனையோ தடவ வந்தாரு, ஒரு வா பிரசாதம் தின்னதில்ல. தண்ணி மட்டும் குடிப்பாரு. சக்கர வியாதின்னு நெனச்சுக்கிட்டு அதையும் கேலி பண்ணேன்.

வருஷம் ஓடுச்சு. அவரு ரிட்டையராக ரெண்டு வருஷம் இருக்கும்போது மஜ்லிஸ்ல அந்த அங்கீகாரம் சமாச்சாரம் வந்துச்சு. விஷயம் இதான். நாம வீடு கட்டுனா மஜ்லிஸ் வந்து சோதிக்குது. அந்த மஜ்லிஸ யாரு சோதிக்கறது? அதுக்கு வெளியிலேருந்து ஒரு குழு வரும். இன்ஸ்பெக்டருங்களுக்கு வேல தெரியுமா, எடத்துக்கு நெசமா போறாங்களா, பைல்ல எழுதி இருக்கறதும் தரையில நிக்கறதும் ஒன்னா இருக்கான்னு பாப்பாங்க. சரியா இருந்தா இந்தக் கட்டடப் பிரிவ நம்பலாம்னு ஒரு சான்றிதழ். எங்க மஜ்லிஸுக்கு அது அதுவரைக்கும் கெடச்சதில்ல. அத வாங்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்னு வேலாயுதம் ஒத்தக்கால்ல நின்னாரு. பழைய பைல எல்லாம் தூசி தட்டுனாரு. புது இன்ஸ்பெக்டருங்களுக்கு பாடம் எடுத்தாரு. ஞாயித்துக்கெழமகூட ஆபீஸ்தான்.

"எதுக்கு லா இந்தப் பாடு? செவுத்துல மாட்டறதுக்கு ஒரு காகிதம்"னேன்.

"அண்ணே, மஜ்லிஸ் முத்திரைன்னு சொன்னா ஒட்டுக்கடையில சிரிக்கறாங்க. நான் அங்க ஒக்காந்து கோப்பி குடிச்சிருக்கேன், என் காதுபட சிரிச்சிருக்காங்க. நான் வேலய விட்டுப் போகும்போது அந்தச் சிரிப்பு நிக்கணும்."

சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன். அத அவருகிட்ட சொல்லல. அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

குழு வர்றதுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சாயங்காலம் வீட்டுக்கு வந்தாரு. என் சம்சாரம் காமாட்சி கோப்பி கலக்கப் போச்சு. "வேணாம் அக்கா, ஒக்காருங்க. ஒங்க ரெண்டு பேருக்கும் சொல்லணும்"னாரு. குழு பாக்கப்போற பைல் கட்டுல நம்ம மண்டபத்து பைலையும் அவரே வெக்கப் போறாராம். அதுவும் மேல.

எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. "ஆயிரம் பைல் இருக்கு. அவுங்களா அத எடுத்தாத்தான? நீங்களே போயி ஏன் தலைய குடுக்கறீங்க? சான்றிதழ் போயிரும். பென்ஷன்ல கை வெப்பாங்க."

"அவுங்க என்னப் பாக்க வரலண்ணே. இந்த மஜ்லிஸ் கையெழுத்து போட்டா நம்பலாமான்னு பாக்க வராங்க. நம்பக்கூடாத கையெழுத்து ஒன்னு இருக்குன்னு எனக்கே தெரியும். அத அடியில சொருவி வெச்சுட்டு, நம்பலாம்னு எப்படி வாயத் தொறப்பேன்?"

"கம்பி சரியாத்தான்யா இருக்கு! நான் போட்ட கம்பி!"

"இருக்கும். ஆனா நான் பாக்கல."

எனக்கு ரோஷம் வந்துருச்சு. "மெஷின் வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. ஒரு கம்பி கொறஞ்சா என் மீசைய எடுத்துடறேன்"னேன். காமாட்சி மட்டும், "தம்பி சொல்றதுதான் சரி"ன்னுச்சு. எந்த விஷயத்துல அது என் பக்கம் பேசியிருக்கு?

குழு வந்த அன்னைக்கு, மண்டபத்த கட்டுனவன்னு என்னையும் மஜ்லிஸுக்குக் கூப்ட்டிருந்தாங்க. அதனால அங்க நடந்தத என் கண்ணால பாத்தேன். மூணு பேரு வந்திருந்தாங்க. பெரியவங்க ஒரு மலாய்க்கார அம்மா, எஞ்சினியரு. அமைதியா பேசுனாங்க, ஆனா கண்ணு ஊசி மாதிரி. வேலாயுதத்தோட பெரிய அதிகாரி பக்கத்துல நின்னாரு, மூஞ்சியில ரத்தமே இல்ல. வேலாயுதம் நம்ம பைல தொறந்து, அந்தப் பாரத்த எடுத்து அம்மா முன்னாடி வெச்சாரு. மலாய்லதான் பேசுனாங்க, நான் நம்ம பாஷையில சொல்றேன், புவான்னா அம்மான்னு வெச்சுக்குங்க.

"இது என் கையெழுத்து, புவான். பரிசோதிச்சேன்னு போட்டிருக்கு. நான் பரிசோதிக்கல. நான் போறதுக்குள்ள ஊத்திட்டாங்க."

"அப்ப ஏன் கையெழுத்து போட்டீங்க?"

இவரு என்னத் திரும்பிப் பாத்தாரு. என்ன மாட்டி வுடப் போறாருன்னு நெனச்சேன். நானா இருந்தா மாட்டி வுட்டிருப்பேன்.

"கொத்தனாரு நல்ல வேலக்காரரு. அவர நம்புனேன். நம்பறது என் வேல இல்ல, பாக்கறதுதான் என் வேல."

பேனாவ எடுத்தாரு. பழைய கையெழுத்த அழிக்கல, கிழிக்கல. அதுக்குப் பக்கத்துல, அன்னைய தேதி போட்டு, 'நான் பார்க்கவில்லை'ன்னு மலாய்ல எழுதி, அதுக்குக் கீழ இன்னொரு கையெழுத்து போட்டாரு. அந்த அம்மா ரொம்ப நேரம் அந்தத் தாள பாத்துக்கிட்டு இருந்தாங்க.

அடுத்த வாரம் மஜ்லிஸ் ஒரு எஞ்சினியர அனுப்புச்சு. இஸ்திரிப் பெட்டிக்கு சக்கரம் வெச்சாப்பல ஒரு மெஷினு. கான்கிரீட்டு மேல உருட்டுனா உள்ள கம்பி எங்க இருக்குன்னு காட்டும். நான் மீசைய முறுக்கிக்கிட்டே கூடவே நடந்தேன். ஏழு பீமு அப்படியே பிளான்ல இருக்கறாப்பல. எட்டாவது, மேடைக்கு மேல போற பீமு. தூணோட சேர்ற எடத்துல மேல்பக்கம் நாலு கம்பி இருக்கணும். மெஷின் ரெண்டுதான்னு காட்டுச்சு. திருப்பி உருட்டச் சொன்னேன். ரெண்டுதான். மூணாந்தடவயும் உருட்டச் சொன்னேன். அந்த எஞ்சினியருக்கு என்னப் பாத்து பாவமாப் போச்சு.

வீட்டுக்கு வந்து முத்தத்துல ஒக்காந்தேன். காமாட்சி பாகக்கா பறிச்சுக்கிட்டு இருந்துச்சு. பந்தலுக்கு நாலு மூலையில ரெண்டு மூங்கிலு, ரெண்டு இரும்புக் கம்பி. நல்ல தடிப்பான கம்பி. பாத்துக்கிட்டே இருந்தேன்.

தளம் போட்ட அன்னைக்கு சாயங்காலம், செவுத்துல ரெண்டு கம்பி சாஞ்சு கெடந்துச்சு. மிச்சம்னு நெனச்சு மோட்டார்ல கட்டி எடுத்துட்டு வந்தேன். மிச்சம் இல்ல. நல்ல நேரம் போயிரும்னு ஓடுன ஓட்டத்துல கட்டாம வுட்டது. அம்மன் மேல சத்தியம் பண்ண வந்தவன், அம்மன் வீட்டுக் கம்பிய பாகக்காவுக்கு முட்டு குடுத்திருக்கேன். அத்தன வருஷமும் வேலாயுதம் எங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தப் பந்தலுக்கு அடியில குனிஞ்சுதான் வந்தாரு.

கம்பி ரெண்டையும் புடுங்கி, மோட்டார்ல கட்டி, அவரு வீட்டுக்குக் கொண்டு போயி வாசல்ல போட்டேன். "இந்தாங்க ஒங்க எட்டாவது பீமு"ன்னேன். வேற எப்படி சொல்றதுன்னு எனக்குத் தெரியாது. திட்டுவாருன்னு காத்திருந்தேன். அவரு குனிஞ்சு கம்பியில ஒட்டுன பாகக்கா கொடிய உரிச்சாரு.

"நீங்க பொய் சொல்லலண்ணே. சரியா இருக்குன்னு நெனச்சீங்க. நல்ல வேலக்காரனும் தப்பு பண்ணுவான், அதுக்குத்தான் ரெண்டாவதா ஒரு ஆளு வந்து பாக்கணும்னு சட்டம் வெச்சான். அந்த ரெண்டாவது ஆளு நானு. நான் பொங்கல் சாப்டுக்கிட்டு இருந்தேன்."

அப்பறம் என் மூஞ்சிய பாத்துட்டு, "மீச இருக்கட்டும். அதுவும் போனா ஒங்களுக்கு மூஞ்சியே இல்ல"ன்னாரு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்னா வந்துச்சு.

அதுக்கப்பறம் நடந்தது அவருக்கு லேசா இல்ல. அந்தத் தடவ சான்றிதழ் கெடைக்கல. கொறைய சரி பண்ணி, இனிமே இப்படி நடக்காதுங்கறதுக்கு என்னா செஞ்சீங்கன்னு காட்டுங்க, திரும்பி வந்து பாக்கறோம்னு குழு எழுதிட்டுப் போச்சு. வேலாயுதத்துக்கு எச்சரிக்க கடிதம். எடத்துக்குப் போற வேலய புடுங்கிட்டு கவுண்டர்ல ஒக்கார வெச்சாங்க. மண்டபத்துக்குப் பூட்டு. நாலு கல்யாணம் வேற எடத்துக்குப் போச்சு. நம்ம சனங்க அவரக் கண்டா மூஞ்சிய திருப்பிக்கிட்டாங்க. சொந்தக்காரங்களே கல்யாணப் பத்திரிக குடுக்கல.

கோயில் கூட்டத்துல தலைவரு கருப்பையா எந்திரிச்சு, "வெள்ளக்காரன் காலத்துலேருந்து நிக்கற கோயிலு. வெளியாளு ஒருத்தனும் கை வெக்கல. நம்மாளே பூட்டு போட்டுட்டான்"ன்னாரு. கை தட்டுனாங்க. நான் எந்திரிச்சேன்.

"தலைவரே, பூட்டு போட்டது அவரு இல்ல. எங்க வீட்டுப் பாகக்கா."

சிரிக்கத்தான் ஆரம்பிச்சாங்க. நான் எதையும் மறைக்காம எல்லாத்தையும் சொல்லி முடிக்கும்போது ஒருத்தனும் சிரிக்கல. "அந்த மேடையில போன வருஷம் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க எத்தன பேரு ஆடுச்சுங்க? மேல ரெண்டு கம்பி இல்லாம ஆடுச்சுங்க. ஒங்களுக்கும் எனக்கும் தெரியாது. தெரிய வெச்சவனுக்குத்தான் நாம பத்திரிக குடுக்க மாட்டேங்கறோம்"னேன். தலைவரு ஒக்காந்துட்டாரு. மறுநா காலையில அவரே வேலாயுதம் வீட்டுக்குப் போனாரு. என்னா பேசுனாங்கன்னு எனக்குத் தெரியாது, நான் போகல.

எட்டாவது பீமுக்கு அடியில ஒரு இரும்புத் தூண குடுத்து நிறுத்துனோம். எஞ்சினியரு கணக்கு போட்டுக் குடுத்தாரு, நான் சம்பளம் வாங்காம நட்டேன். நடும்போது வேலாயுதம் பக்கத்துல நின்னாரு. கையெழுத்து போடற உரிம அப்ப அவருக்கு இல்ல. புதுசா வந்த பொண்ணு ஒன்னு, அவருகிட்ட வேல கத்துக்கிட்டது, அதுதான் ஒவ்வொரு போல்டையும் தொட்டுப் பாத்து கையெழுத்து போட்டுச்சு. ஒரு போல்ட திருப்பி முறுக்கச் சொல்லுச்சு. நான் முணுமுணுத்தேன். இவரு வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சாரு. அந்தத் தூணு இன்னைக்கும் மேடை ஓரத்துல நிக்குது. போட்டோ புடிக்கறவனுங்க எல்லாம் அத திட்டுவானுங்க.

கவுண்டர்ல ஒக்காந்தாரே, அங்கதான் அவரு பெரிய வேல பாத்தாரு. சோதனைக்கு இன்ஸ்பெக்டரக் கூப்பட ஒரு பாரம் இருக்குல்ல, அதுல ஒரு கட்டத்த சேக்கச் சொல்லி மேல எழுதிப் போட்டாரு. 'நீங்க ஊத்த நெனைக்கற நேரம் எது?' அவ்வளவுதான். தமிழன் நல்ல நேரம் எழுதுவான். சீனன் அவன் நாள் பாத்து எழுதுவான். மலாய்க்காரரு வெள்ளிக்கெழம தொழுக முடிஞ்சுன்னு எழுதுவாரு. அந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இன்ஸ்பெக்டர் அங்க நிக்கணும், விடிகாலை அஞ்சு மணின்னாலும் நிக்கணும். கையெழுத்து இல்லாம லோரி உள்ள வரக்கூடாது. "சனங்க நம்பிக்கைய மாத்த முடியாதுண்ணே, நம்ம கடிகாரத்த மாத்தலாம்ல"ன்னாரு. ஆபீஸ்ல மொதல்ல மொணகுனாங்க. அப்பறம் பாத்தா, பாக்காம ஊத்தறதே நின்னு போச்சு.

குழு ரெண்டாவது தடவ வந்தப்ப அந்த எஞ்சினியர் அம்மா மொதல்ல கேட்டது நம்ம மண்டபத்து பைல. ரெண்டாவது கேட்டது அந்தக் கட்டத்த. இந்தத் தடவ சான்றிதழ் குடுத்துட்டாங்க. அதுக்குள்ள வேலாயுதம் ரிட்டையராகி மூணு மாசம்.

சான்றிதழ் குடுத்த விழாவுக்கு ரெண்டு பேரும் போனோம். அவருக்கு அழைப்பு இருந்துச்சு. எனக்கு இல்ல, நாசி லெமாக் சோத்துப் பொட்டலத்துக்காகப் போனேன். மேடையில நாலு பேரு நின்னு சான்றிதழ புடிச்சு போட்டோ எடுத்தாங்க. இவரு பேர யாரும் சொல்லல. நான் அவரு முழங்கைய இடிச்சேன்.

"போயி நில்லுங்கய்யா மேடையில. ஒங்க காகிதம்யா அது."

"என் பேரு அதுல இருக்குண்ணே."

"எங்க இருக்கு? எழுத்து கூட்டிப் படிக்கறவனுக்கே தெரியுது, அதுல இல்லன்னு."

"பைல்ல இருக்கு. தப்பா ஒன்னு, சரியா ஒன்னு. ரெண்டும் பக்கத்துலயே இருக்கு. அது போதும், வாங்க, சம்பால் தீந்துறப் போவுது."

நெசமாத்தான் சொன்னாரு. ரெண்டு பொட்டலம் தின்னாரு. மறு வருஷம் திருவிழாவுல, அத்தன வருஷத்துக்கு அப்பறம், நம்ம கோயில்ல எல நீட்டி பொங்கல் வாங்குனாரு. நான் ஒரு கேலியும் பண்ணல. என் வாழ்க்கையில நான் வாய மூடிக்கிட்டு இருந்த ஒரே திருவிழா அதுதான்.

இப்ப இந்தக் கருமக்கிரியை நம்ம மண்டபத்துலதான். கூட்டம் கூடறதால மஜ்லிஸுக்கு ஒரு பாரம் குடுக்கணுமாம். தீயணைக்கற செவப்பு உருளை ஆறும் சரியா இருக்குன்னு கோயிலோட மூத்த உறுப்பினரு, அதாவது நான், கையெழுத்து போடணும். போன வாரம் கோயில் செயலாளரு கதிரவன் வீட்டுக்குக் கொண்டாந்தாரு.

"ஐயா, இங்க ஒரு சைன். ஆறும் பாத்தாச்சு."

"யாரு பாத்தா?"

"பாத்திருப்பாங்க ஐயா... எல்லாம் ஓக்கே லா."

"நான் பாக்கலியே. வண்டிய எடு."

"இப்பவா? வெயில் அடிக்குது ஐயா."

"ஒனக்கு அடிக்குது. நான் கொத்தனாரு."

போனோம். கதிரவன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. ஒவ்வொன்னா குனிஞ்சு பாத்தேன். முட்டி ரெண்டும் என்னத் திட்டுச்சு. அஞ்சு உருளையில அளவு காட்டற முள்ளு பச்சையில நிக்குது. அடுப்படிக்குப் பக்கத்துல இருக்கறது, நெருப்பு மொதல்ல புடிக்கற எடத்துல இருக்கறது, முள்ளு செவப்புல கெடக்குது. கதிரவன் ஹேண்ட்போன எடுத்து உருளை விக்கற கடைக்காரன கூப்ட ஆரம்பிச்சாரு.

வேலாயுதம், ஒங்க பேனா மாலதிகிட்ட இருக்கு, ஒங்க ஹெல்மெட்டு பேரன்கிட்ட இருக்கு. நான் வெச்சுக்கிட்டது இது மட்டும்தான். அடுப்படி வாசப்படியில ஒக்காந்து, நாலாவது படிச்ச கோண எழுத்துல, அஞ்சு கட்டத்துல 'பாத்தேன், இருக்கு'ன்னு எழுதுனேன். ஆறாவதுல 'பாத்தேன், காலி'ன்னு எழுதி, கீழ என் பேர முழுசா போட்டேன்.